நாடகத்தில் நாலு நிமிடம், வீட்டில் ஆறு மாதம்

கேள்வி: மகளுக்கு 14 வயது. முள்ளந்தண்டு வளைவு 52 பாகை. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்யச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை தொலைக்காட்சியில் ஆஸ்பத்திரி நாடகங்களைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் 'அடுத்த கிழமையே ஆடலாம்' என்கிறாள், மறுநாள் 'கால் விளங்காமல் போயிடுமா' என்று அழுகிறாள். எதை நம்புவது? — ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

இரண்டையும் நம்ப வேண்டாம் அம்மா.

முதலில் கால் பயம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நரம்புச் சமிக்ஞைகளைக் கருவியில் பார்த்தபடியேதான் முதுகை நிமிர்த்துவார்கள். சமிக்ஞை குறைந்தால் உடனே நிறுத்தி, நிமிர்த்தியதைத் தளர்த்துவார்கள். 1970களில் இப்படிக் கருவி இல்லாதபோது, பாதி சிகிச்சையில் நோயாளியை எழுப்பிக் கால்விரலை ஆட்டச் சொன்னார்கள்! உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளில் நரம்புப் பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாடகத்தில் வருகிறதே, அது கதைக்காக.

'அடுத்த கிழமையே ஆடலாம்' என்ற மற்றப் பொய்தான் எனக்குக் கோபம். முள்ளெலும்புகளில் திருகாணி பூட்டிக் கம்பி போட்டதும் முதுகு சரியாகிவிடுவதில்லை. கொங்கிரீட் ஊற்றும்போது பலகை அடிப்பார்கள் அல்லவா, கம்பியும் திருகாணியும் அந்தப் பலகை மாதிரி. உள்ளே வைத்த எலும்புத் துண்டுகள் முள்ளெலும்புகளோடு ஒட்டி இறுகத்தான் ஆறு மாதம், ஒரு வருடம் போகும். வளைவும் முழுதாகப் போகாது, வெகுவாகக் குறையும்.

மறுநாளே எழுப்பி உட்காரவைத்து, நிற்க வைப்பார்கள். முதல் சில நாள் வலி கடுமை. வலி மருந்தால் மலச்சிக்கலும் வரும், அதை எந்த நாடகமும் காட்டாது. பொதுவாக ஒரு கிழமைக்குள் வீடு, நாலிலிருந்து ஆறு கிழமையில் பாடசாலை. குனிவது, முறுக்குவது, பாரம் தூக்குவது கூடாது. படுக்கையில் புரளும்போது கட்டையை உருட்டுவது போலத் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். இதை முன்கூட்டியே பழக்குங்கள்.

வீட்டைப் பாருங்கள். பாயில் படுக்கிறாள் என்றால் கட்டில் தேவை. குந்தும் கழிவறை என்றால் கொமோட் கதிரை ஒன்று ஒழுங்கு செய்யுங்கள். கிணற்றடியில் வாளி தூக்க விடாதீர்கள். கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு ஆறேழு மணி நேரப் பயணம். பஸ்ஸில் வேண்டாம், சாயும் ஆசனமுள்ள வான் வண்டியில் கொண்டு வாருங்கள். மணிக்கொரு தடவை இறக்கி நடக்க விடுங்கள். வீட்டுக்கு விடும் முன் இதையெல்லாம் வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், காயத்திலிருந்து நீர் வடிதல், கால் பலமிழத்தல் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், நடனம். முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டிக்கு வேண்டியது முழங்காலும் இடுப்பும், அவை அசையும். மேல் முதுகு மட்டும் முன்போல வளையாது. வைத்தியர் எக்ஸ்ரே படம் பார்த்து அனுமதித்த பிறகு, அனேகமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள், சலங்கை கட்டலாம்.