கேள்வி பதில்: வளைக்கரடி நம் நாட்டில் உண்டா?

கேள்வி: ஆறாம் ஆண்டில் படிக்கும் என் மகள், ஆங்கிலக் கதைப்புத்தகம் ஒன்றில் முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ‘பேட்ஜர்’ என்ற விலங்கைப் பார்த்துவிட்டு, அது கரடியா, நம் நாட்டில் இருக்கிறதா என்று கேட்கிறாள்.
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தமிழில் அதனை வளைக்கரடி என்கிறோம். பெயரில் கரடி இருப்பினும் அது கரடி இனமன்று; மலாய்க்காரர்கள் ‘மெமெராங்’ என்று அழைக்கும் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. உங்கள் மகள் பார்த்தது ஐரோப்பிய வளைக்கரடியாக இருக்க வேண்டும். மண்ணுக்கடியில் பல அறைகளும் பல வாயில்களும் கொண்ட வளையைத் தோண்டி, கூட்டமாக வாழ்ந்து, இரவில் வெளியே வந்து பெரும்பாலும் மண்புழுவைத் தின்னும் இவ்விலங்கு, ஒரே வளையைத் தலைமுறை தலைமுறையாகப் புதுப்பித்துக்கொண்டு வாழக்கூடியது. பிரிட்டனில் இதற்கென்றே 1992-இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

அந்த ஐரோப்பிய இனம் நம் மலேசியாவில் இல்லை. ஆனால் ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி மகளை அனுப்பிவிடாதீர்கள். போர்னியோ தீவிலுள்ள நம் சபா மாநிலத்தின் கினபாலு மலையிலும் குரோக்கர் மலைத்தொடரிலும் நமக்கே உரிய ஒரு சிறிய வளைக்கரடி வாழ்கிறது. 1895-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இந்தப் போர்னியோ ஃபெரட் வளைக்கரடி, ஒன்றிரண்டு கிலோ எடையுள்ள, நீண்ட மூக்கும் முகத்தில் வெண்குறிகளும் கொண்ட இரவு விலங்கு. போர்னியோவுக்கு வெளியே உலகில் எங்கும் கிடையாது. வாழும் பரப்பு மிகச் சிறியது என்பதால், அருகிவரும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஒராங் ஊத்தானை அறிந்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதனை அறிவார்கள் என்று எண்ணும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கேள்வி: பள்ளி விடுமுறையில் சபா சென்றிருந்தபோது, இரவில் செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக, கறுத்த உடலும் முதுகில் வெள்ளைப் பட்டையுமாக ஒரு பிராணி ஓடியது. கடும் நாற்றம். ஊர்க்காரர் ‘தெலெடு’ என்றார். அதுவும் வளைக்கரடிதானா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தார்கள். தோண்டுவதற்கேற்ற நீண்ட நகங்களையும், மண்ணைக் கிளறிப் புழுக்களைத் தேடும் மூக்கையும் பார்த்தால் யாரும் அப்படியே நினைப்பார்கள். ஆனால் 1997-இல் மரபணுவை ஒப்பிட்டு வெளியான ஓர் ஆய்வு, தெலெடு உண்மையில் அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஸ்கங்க் என்னும் நாற்றப் பிராணிகளின் உறவு என்று காட்டியது. ஆபத்து நேர்ந்தால் வாலடிச் சுரப்பியிலிருந்து நாற்றமுள்ள நீரைப் பீய்ச்சும் பழக்கமும் அவ்வுறவுக்குப் பொருந்துகிறது. சுமாத்ரா, ஜாவா, போர்னியோ ஆகிய தீவுகளில் ஓரினமும், பிலிப்பீன்சின் பலாவான் பகுதியில் மற்றோர் இனமும் வாழ்கின்றன. தீபகற்பத்தில் வாழும் நமக்கு அதனைப் பார்க்கும் வாய்ப்பில்லை என்பதால், நீங்கள் பேறு பெற்றவர் என்றே சொல்வேன்.

கேள்வி: உலகில் வேறு எங்கெல்லாம் வளைக்கரடிகள் உள்ளன? இந்தியாவில் உண்டா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உண்டு. தளர்ந்த தடித்த தோலும் அஞ்சாத குணமும் கொண்ட தேன் வளைக்கரடி, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் வாழ்ந்து, அரேபியா, ஈரான் வழியாக இந்தியா வரை பரவியுள்ளது. அமெரிக்க வளைக்கரடி தென்மேற்குக் கனடா முதல் மெக்சிகோ வரையுள்ள புல்வெளிகளில் தனித்து வாழ்ந்து, நில அணில்களைத் தோண்டிப் பிடிக்கும். ஜப்பானில் ஹொன்ஷு, ஷிகோக்கு, கியூஷு ஆகிய தீவுகளுக்கே உரிய இனம் ஒன்றுண்டு.

நமக்கு இன்னும் அருகில் இருப்பவை பன்றிமூக்கு வளைக்கரடிகள். வடகிழக்கு இந்தியா, மியான்மார், தாய்லாந்து, இந்தோசீனா ஆகிய பகுதிகளில் வாழும் இனம், லாவோசிலும் வியட்நாமிலும் காட்டிறைச்சிக்காக வரிசை வரிசையாக வைக்கப்படும் கம்பிக் கண்ணிகளில் சிக்கி வேகமாகக் குறைந்துவருகிறது. அதன் நெருங்கிய உறவான சுமாத்ரா இனமோ, மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், பாரிசான் மலைத்தொடரின் உயர்ந்த காடுகளில் வாழ்கிறது.