பாடநூலில் செங்குத்தாக இறங்கும் கடல், சென்னைக்கு எதிரே எப்படி இறங்குகிறது?

கேள்வி: உயர்நிலை வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். பாடநூல் படத்தில் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி) முடிந்ததும் கண்டச்சரிவு (அங்கிருந்து ஆழ்கடலுக்கு இறங்கும் பகுதி) சுவர் போல இறங்குகிறது. மெரினாவுக்கு அப்பாலும் அப்படித்தானா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உண்மையான அளவில் வரைந்து காட்ட என்ன வழி?

பதில்: சுவர் எல்லாம் இல்லை. கண்டச்சரிவின் சாய்வு உலகச் சராசரியில் சுமார் 4 டிகிரிதான். அதாவது, கிலோமீட்டருக்கு 70 மீட்டர் இறக்கம். கண்டத்திட்டிலோ கிலோமீட்டருக்கு 2 மீட்டர்கூட இறங்காது. பாடநூல் படம் தவறில்லை. கடலின் அகலத்தை ஓர் அளவிலும் ஆழத்தை வேறோர் அளவிலும் வரைகிறார்கள். ஆழத்தை எத்தனை மடங்கு பெருக்கினார்கள் என்று எழுதாமல் விடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். அதனால் ஒரே குறுக்குவெட்டை இரண்டு முறை வரையச் சொல்லுங்கள்: ஒன்று ஆழத்தைப் பெருக்கி, இன்னொன்று பெருக்காமல்.

முதலில் ஆழங்கள் வேண்டும். ஜெப்கோ (GEBCO) என்ற உலகக் கடலாழத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஏறத்தாழ 450 மீட்டருக்கு ஒரு புள்ளி உண்டு. அதைத் தரவிறக்குவது சிரமமென்றால் கூகுள் எர்த்தில் கடல்மேல் சுட்டியை வைத்தும் ஆழத்தைப் படிக்கலாம். மெரினாவிலிருந்து நேர் கிழக்கே 200 கிலோமீட்டருக்குக் கோடு போடுங்கள். சென்னை இருக்கும் 13 டிகிரி அட்சத்தில் ஒரு தீர்க்கரேகை டிகிரி சுமார் 108 கிலோமீட்டர் என்பதால் 82.1 டிகிரி கிழக்கு வரை போனால் போதும். கோடு சமஆழக் கோடுகளை (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) செங்குத்தாக வெட்ட வேண்டும். 45 டிகிரி சாய்த்து வெட்டினால் 4 டிகிரி சரிவு 2.8 டிகிரியாகக் குறைந்து தெரியும்.

எல்லா இடத்திலும் 10 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்று எடுத்தால் படம் கெட்டுவிடும். 4 டிகிரிச் சாய்வில் 3,000 மீட்டர் இறங்க 43 கிலோமீட்டர்தான் ஆகும். முழுச் சரிவுக்கும் நாலைந்து புள்ளிதான் தேறும். திட்டின்மேல் 10 கிலோமீட்டருக்கு ஒன்று எடுங்கள். ஆழம் 100 மீட்டரைத் தொட்டதும் 2 கிலோமீட்டருக்கு ஒன்றாக மாறிக்கொள்ளுங்கள்.

இனி கிராஃப் தாள். கிடை அச்சில் 1 செ.மீ. = 10 கி.மீ.; செங்குத்து அச்சில் 1 செ.மீ. = 500 மீட்டர். 10,000 மீட்டரை 500-ஆல் வகுத்தால் 20. இதுதான் செங்குத்து மிகைப்படுத்தல். அதைப் படத்தின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். மாணவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான்: 4 டிகிரியை 20-ஆல் பெருக்கி 80 டிகிரி என்பார்கள். பெருக்க வேண்டியது கோணத்தை அல்ல, அதன் டேன்ஜென்ட்டை. டேன் 4 என்பது 0.07, அதன் 20 மடங்கு 1.4, அந்தக் கோணம் 54 டிகிரி. பாடநூல் படத்தில் கோணமானி வைத்து 80 டிகிரி வந்தால், அங்கே ஆழம் 80 மடங்குக்கு மேல் பெருக்கப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டாவது படத்தில் இரு அச்சிலும் 1 செ.மீ. = 10 கி.மீ. கடல் 3,000 மீட்டர் ஆழமாகும் இடம் இதில் வெறும் 3 மில்லிமீட்டர்! கண்டத்திட்டு முடியும் 130 மீட்டர் ஆழம் (இது உலகச் சராசரி) 0.13 மில்லிமீட்டர், நன்றாகச் சீவிய பென்சிலின் கோடே அதைவிடத் தடிமன். இந்த 20 செ.மீ. பட்டையை முதல் படத்துக்குக் கீழே ஒட்டிவிடுங்கள். நாம் ஆழ்கடல் என்று சொல்வது எவ்வளவு மெல்லிய படலம் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

எல்லைகளைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் ஆழ வித்தியாசத்தை இடைத்தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 25 மீட்டருக்கு மேல் போனால் கண்டச்சரிவு தொடங்கிவிட்டது. திரும்ப அதற்குக் கீழே வந்து அப்படியே நின்றால் சரிவின் அடிவாரம். நடுவில் ஓரிரு புள்ளிகள் முரண்டு பிடித்தால் பயப்படாதீர்கள், கடலடிப் பள்ளத்தாக்காக இருக்கலாம். புதுச்சேரி, கடலூர் பக்கம் அவை நிறைய.

அடிவாரத்துக்குப் பிறகு பாடநூலில் உள்ளதுபோல் கண்ட உயர்ச்சி (சரிவின் அடியில் மெல்லச் சாயும் வண்டல் பகுதி), ஆழ்கடல் சமவெளி என்று தனித்தனியாகப் பிரித்து எழுதச் சொல்லாதீர்கள். வங்காள விரிகுடாவில் அது பொருந்தாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய வண்டல், வங்காள விசிறி என்ற பெயரில் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்குத் தெற்கே பரந்து கிடக்கிறது. வடக்கில் அதன் தடிமன் 16 கிலோமீட்டரை எட்டுகிறது. சென்னைக்கு எதிரே சரிவின் அடிவாரம் இந்த வண்டலில்தான் புதைந்திருக்கிறது. அங்கே 'வங்காள விசிறி' என்று எழுதினால்தான் சரி.

நிலம் எங்கே முடிகிறது என்ற கேள்வியும் வரும். கரையைக் காட்டாதீர்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. அப்போது கண்டத்திட்டின் பெரும்பகுதி காய்ந்த நிலம். கண்டத்தின் உண்மையான விளிம்பு சரிவுக்கு அடியில் இருக்கிறது. சுமார் 35 கிலோமீட்டர் தடித்த கண்ட மேலோடு அங்கே மெலிந்து, 7 கிலோமீட்டர் அளவிலான கடலடிப் பசால்ட் (எரிமலைப் பாறை) மேலோட்டுக்கு இடம் விடுகிறது. நம் கிழக்குக் கரையின் விளிம்பு, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது கிழிந்த விளிம்பு. புவித்தட்டுகள் இங்கே மோதவில்லை. அதனால் அகழியும் (தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் இறங்கும் இடத்து ஆழ்பள்ளம்) இல்லை.

அகழி உள்ள கரையை ஒப்பிட நேரமிருந்தால் வடக்கு சிலியை எடுங்கள். 6,739 மீட்டர் உயர யூயயாக்கோ எரிமலைக்கும், சுமார் 8,000 மீட்டர் ஆழ அகழிக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான். அதற்கும் சென்னைக்கு வைத்த அதே 20 மடங்கையே வையுங்கள். அளவு மாறினால் ஒப்பீடு செல்லாது. தாள் போதாது, இரண்டை ஒட்டிக்கொள்ள வேண்டும்.