இத்தாலிய மக்களை ஒரே நாடாக இணைக்க தேசியவாதம் எப்படி உதவியது?

தேசிய உணர்வு பொங்கியது, மக்கள் திரண்டார்கள், நாடு பிறந்தது என்று பள்ளியில் படித்தது பாதிதான் சரி. 1861 மார்ச் 17 அன்று இத்தாலி முடியரசு அறிவிக்கப்பட்டபோது அங்கே சுமார் 2.2 கோடிப் பேர் இருந்தார்கள். அவர்களில் இத்தாலிய மொழி பேசத் தெரிந்தவர்கள் 2.5 சதவீதம் என்பது ஒரு கணக்கு. தாராளமாகக் கணக்கிட்டவர்களுக்கும் 10 சதவீதம்தான் வந்தது. மற்றவர்கள் பேசியது நேப்பிள்ஸ், சிசிலி, வெனிஸ், பீட்மாண்ட் பகுதிகளின் தனித்தனி வழக்குகள். முக்கால்வாசிப் பேருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. ஆகவே இங்கே தேசியவாதிகள் என்றால் வக்கீல், மருத்துவர், மாணவர், நகரத்துக் கைவினைஞர் என்று ஒரு சிறு கூட்டம். அந்தச் சிறு கூட்டம் எதைச் சாதித்தது என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில், இலக்கை மாற்றினார்கள். அப்போது இத்தாலி பல தனி அரசுகளாகப் பிரிந்து கிடந்தது; மிலான், வெனிஸ் பகுதிகள் ஆஸ்திரியாவின் கையில் இருந்தன. 1820-21 கலகங்களில் கார்போனாரி ரகசியச் சங்கத்தார் பெரும்பாலும் கேட்டது அவரவர் அரசுக்குள் ஓர் அரசியல் சட்டம். 1831-இல் மார்சேயில் 'இளம் இத்தாலி'யைத் தொடங்கிய மாஜினி, தனித்தனி அரசுகளே வேண்டாம், இத்தாலி முழுவதற்கும் ஒரே குடியரசு போதும் என்றார். (பாரதியார் தமிழில் பாடிய 'மாஜினியின் பிரதிக்கினை' அந்த இயக்கத்தின் உறுதிமொழிதான்.) அவர் தூண்டிய கிளர்ச்சிகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. இலக்கு மட்டும் நிலைத்துவிட்டது.

1848-இல் மிலான் நகரம் ஐந்து நாள் தெருச்சண்டையில் ஆஸ்திரியப் படையை வெளியேற்றியது. வடமேற்கில் இருந்த பீட்மாண்ட் அரசின் அரசர் சார்லஸ் ஆல்பர்ட், "இத்தாலி தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்று களமிறங்கினார். கத்தோலிக்க ஆஸ்திரியாவோடு போரிட மாட்டேன் என்று போப் பின்வாங்கினார். நேப்பிள்ஸ் அரசரும் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார். கஸ்டோசா, நோவாரா இரண்டிலும் தோல்வி. உணர்ச்சிக்குக் குறைவில்லை, ஆஸ்திரியாவுக்கு ஈடான படைதான் இல்லை.

பீட்மாண்டின் பிரதமர் காவூர் இதைப் புரிந்துகொண்டவர். 1858 ஜூலையில் பிளோம்பியேரில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனோடு ரகசியமாகப் பேசி, பிரெஞ்சுப் படைக்கு ஈடாக சவோயையும் நீஸையும் தர ஒப்புக்கொண்டார். 1859 ஜூன் மாதம் மஜெந்தாவிலும் சோல்ஃபெரினோவிலும் வெற்றி. ஆனால் ஜூலை 11 அன்று நெப்போலியன் காவூரைக் கேட்காமலே வில்லாஃப்ராங்காவில் ஆஸ்திரியப் பேரரசரோடு சமாதானம் செய்துகொண்டார். அதன்படி பீட்மாண்டுக்கு மிலான் இருக்கும் லொம்பார்டி மட்டும் கிடைக்கும், போரின்போது வெளியேறிய டஸ்கனி, மொதேனாவின் பழைய ஆட்சியாளர்கள் திரும்பி வருவார்கள். கொதித்துப்போன காவூர் பதவி விலகினார்.

என் கணிப்பில் தேசியவாதம் நேரடியாக வேலை செய்தது இந்த இடத்தில்தான். 1857-இல் உருவான 'தேசியச் சங்கம்', "முதலில் ஒற்றுமை, குடியரசா முடியரசா என்பது பிறகு" என்ற நிலையோடு பழைய குடியரசுவாதிகள் பலரை பீட்மாண்ட் அரசர் பக்கம் கொண்டுவந்திருந்தது. தொண்டர் படைத் தலைவர் கரிபால்டியும் அவர்களில் ஒருவர். ஃபுளோரன்ஸில் ரிக்காசோலி, மொதேனாவில் ஃபரினி தலைமையில் சட்டமன்றங்கள் கூடி, பழைய அரச குடும்பங்கள் இனி இல்லை என்று அறிவித்தன. அவர்களைத் திரும்ப உட்கார வைக்கப் படை அனுப்ப எந்த வல்லரசும் முன்வரவில்லை. 1860 மார்ச் வாக்கெடுப்பில் டஸ்கனியில் இணைப்புக்கு 3,66,000-க்கு மேல், தனி அரசுக்குச் சுமார் 15,000. இரு பேரரசர்கள் போட்ட ஒப்பந்தத்தை உள்ளூர் அரசியல் செல்லாததாக்கியது.

தெற்கில் கதை வேறு. 1860 மே மாதம் கரிபால்டியோடு மர்சாலாவில் இறங்கிய ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்களில் பெரும்பான்மையோர் வடக்கு நகரத்தார். சிசிலி விவசாயிகள் அவர்கள் பின்னால் வந்தது இத்தாலிக்காக அல்ல. கரிபால்டி மாவரைப்பு வரியை ரத்து செய்தார், பொது நிலத்தில் பங்கு தருவதாக அறிவித்தார், அதற்காக வந்தார்கள். ஆகஸ்டில் புரோன்டே ஊரில் அவர்கள் நிலம் கேட்டு எழுந்து பலரைக் கொன்றபோது, கரிபால்டியின் தளபதி பிக்ஸியோ அவசர விசாரணை நடத்தி ஐந்து பேரைச் சுட்டுக் கொல்ல வைத்தார். கரிபால்டி தெற்கைக் கைப்பற்றிய பின் இணைப்புக்காக நடந்த அக்டோபர் வாக்கெடுப்பில் நேப்பிள்ஸ் பகுதியில் 13 லட்சம் பேர் 'ஆம்', பத்தாயிரம் பேர் 'இல்லை'. யார் எந்தச் சீட்டை எடுக்கிறார் என்பது எல்லார் கண்ணிலும் படும்படி வாக்களித்தார்கள் என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

மீதி இரண்டும் வல்லரசுகளின் சண்டையில் கிடைத்தவை: 1866-இல் பிரஷ்யா ஆஸ்திரியாவை வென்றதால் வெனிஸ், 1870-இல் பிரஷ்யாவோடு போரிட, போப்பைக் காத்துவந்த பிரெஞ்சுப் படை விலகியதால் ரோம்.

புதிய நாட்டின் முதல் தேர்தலில் ஓட்டுரிமை இருந்தது மக்கள்தொகையில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு. கட்டாய ராணுவச் சேவையை அறியாத சிசிலியில் ஆள் பிடிக்க வந்தபோது இளைஞர்கள் மலையேறினார்கள். தெற்கின் கலகங்களை அடக்க 1863-இல் ராணுவ நீதிமன்றங்களுக்கு வழிசெய்யும் பிக்கா சட்டம் வந்தது. கரிபால்டி ரத்து செய்த மாவரைப்பு வரியை 1869-இல் இத்தாலி அரசே நாடு முழுவதும் வசூலிக்கத் தொடங்கியது.