ஜார்ஜ் டவுன் கட்டடங்களை 4×5 ஃபிலிம் கேமராவில் எடுக்க, கையைக் கடிக்காத வைட் லென்ஸ் எது?

கேள்வியின் சாரம் இது: செகண்ட் ஹேண்டில் வாங்கிய 4×5 ஃபீல்டு கேமரா (4×5 அங்குல ஷீட் ஃபிலிம் போடும் மடக்குக் கேமரா), அதோடு வந்த 150 மி.மீ. லென்ஸ். தம்புச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு, ராயபுரம் பக்கத்துப் பழைய கட்டடங்களை எடுக்க வேண்டும். எதிர்வாடைச் சுவரில் முதுகு இடிக்கும்வரை பின்னால் போனாலும் கட்டடம் முழுதாகச் சட்டத்துக்குள் வரவில்லை. குறைந்த செலவில் எந்த லென்ஸ் வாங்கலாம்?

90 மி.மீ., எஃப் 8 வகை வாங்குங்கள் (எஃப் எண் லென்ஸ் திறப்பின் அளவைச் சொல்வது, எண் ஏற ஏறத் திறப்பு சிறுக்கும்). ஷ்னைடர் சூப்பர் ஆங்குலான் 90 எஃப் 8, நிக்கார் எஸ்டபிள்யூ 90 எஃப் 8, ஃபுஜினான் எஸ்டபிள்யூ 90 எஃப் 8, ரோடன்ஸ்டாக் கிராண்டகான் 90 எஃப் 6.8 ஆகியவற்றில் எது நல்ல நிலையில், நம் விலைக்குக் கிடைக்கிறதோ அது. கிராண்டகானின் பிந்தைய வடிவமே கால்டார் II-என் என்ற பெயரிலும் விற்கப்பட்டது. கண்ணாடி அதேதான், பெயர் அவ்வளவாகத் தெரியாததால் விலை சற்று இறங்கியிருக்கும். இந்த நான்குக்கும் நடுவே படத்தில் தெரியும் வித்தியாசத்தைவிட, ஒரு நல்ல பிரதிக்கும் கெட்டுப்போன பிரதிக்கும் நடுவே தெரியும் வித்தியாசம் பல மடங்கு பெரிது.

அடுத்து, எல்லோரும் முதலில் பார்க்கும் எஃப் எண்ணை விட்டுவிட்டு இமேஜ் சர்க்கிளைப் பாருங்கள். லென்ஸ் ஃபிலிம் தளத்தில் விழவைக்கும் வெளிச்ச வட்டத்தின் விட்டம் அது. 4×5 ஷீட்டில் படம் விழும் பகுதி ஏறக்குறைய 96×120 மி.மீ., மூலைவிட்டம் 154 மி.மீ. வட்டம் 154 இருந்தால் ஷீட்டை மூடும், ஆனால் லென்ஸை ஒரு மி.மீ.கூட மேலே தூக்க முடியாது. கட்டடப் படத்துக்கு அந்தத் தூக்கல், அதாவது ரைஸ், உயிர்நாடி. கேமராவை அண்ணாந்து வைத்தால் சுவர்கள் மேலே குவிந்துவிடும். ஃபிலிம் இருக்கும் பின்புறத்தைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் உயர்த்துவதுதான் வழி.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். தெருவில் கிடைக்கும் தூரம் 8 மீட்டர், கேமரா 1.5 மீட்டர் உயரத்தில், ஷீட் நெட்டுக்குத்தாக. 150 மி.மீ. லென்ஸ் அந்தத் தூரத்தில் மொத்தம் 6.4 மீட்டர் உயரத்தைத்தான் பிடிக்கும். 90 மி.மீ. 10.7 மீட்டர் பிடிக்கும். ஆனால் அதில் பாதி கேமரா மட்டத்துக்குக் கீழே ரோடாகவே போய்விடும், மேலே 6.8 மீட்டரில் சட்டம் முடிந்துவிடும். மச்சு வீட்டின் கைப்பிடிச் சுவர் அதற்கும் மேலே நிற்கும். லென்ஸை 25 மி.மீ. உயர்த்தினால் சட்டம் 2.2 மீட்டர் மேலே நகர்ந்து 9 மீட்டரைத் தொடும். அந்த 25 மி.மீ. ரைஸுக்கு வேண்டிய இமேஜ் சர்க்கிள் 195 மி.மீ.

இப்போது லென்ஸ்களை இதனோடு ஒப்பிடுங்கள். எஃப் 22-ல் சூப்பர் ஆங்குலான் எஃப் 8-க்கு 216 மி.மீ., ஃபுஜினானுக்கும் 216, கிராண்டகானுக்கு 221, நிக்காருக்கு 235. நெட்டுக்குத்தான ஷீட்டில் 216 என்றால் சுமார் 36 மி.மீ. ரைஸ், 235 என்றால் சுமார் 47. இதே வரிசையில் விலை குறைந்தது பழைய ஆங்குலான் 90 எஃப் 6.8. 'சூப்பர்' இல்லாதது, உள்ளங்கையில் அடங்கும், பல மடக்குக் கேமராக்களில் கழற்றாமலே உள்ளே மூடலாம். அதன் வட்டம் 154 மி.மீ. மட்டும், அதுவும் திறப்பை நன்றாகச் சுருக்கி மூடிய பிறகு. விலையைப் பார்த்து இதை வாங்கிவிட்டு, கோபுரத்தை எடுக்கப் போய் இரண்டு மூலையிலும் வெளிச்சம் விழாத நெகட்டிவோடு திரும்புவது அடிக்கடி நடக்கிறது. துறைமுகம், கடற்கரை, காசிமேட்டுப் படகு வரிசை என்று ரைஸ் வேண்டாத காட்சிகளுக்கு, எஃப் 22-ல் வைத்துப் பயன்படுத்தினால் அது அருமையான சிறு லென்ஸ். உங்கள் கேள்விக்கு அது விடையல்ல. கிராஃப்ளெக்ஸ் கேமராக்களோடு வந்த ஆப்டார் 90 எஃப் 6.8-க்கும் இதே பேச்சுதான்.

65 மி.மீ.க்கு ஆசைப்படாதீர்கள். சூப்பர் ஆங்குலான் 65 எஃப் 8-ன் வட்டம் 155 மி.மீ. மட்டுமே. அகலம் கிடைக்கும், ரைஸ் கிடைக்காது. 75 எஃப் 5.6-க்கு 198 உண்டு, ஆனால் விலையும் எடையும் ஏறிவிடும். 35 மி.மீ. கேமரா கணக்கில் 4×5-ன் 90 ஏறக்குறைய 27. குறுகலான தெருவுக்கு அது போதும்.

ஃபோகல் லெங்த்தை, அதாவது அந்த மி.மீ. எண்ணை மட்டும் பார்த்து ஏமாறும் இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. பிரின்ட் போட நெகட்டிவைப் பெரிதாக்கும் 90 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். அது 6×7, 6×9 போன்ற சிறிய நெகட்டிவுக்குச் செய்தது, 4×5-ஐ மூடாது. மூடிய அச்சகங்களிலிருந்து பழைய சாமான் கடைக்கு வரும் ப்ராசஸ் கேமரா லென்ஸ்கள் பார்க்கப் பெரிதாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் 240, 300 மி.மீ. என்று நீளமானவை, ஷட்டரும் இருக்காது.

லென்ஸுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் கேமராவை அளக்க வேண்டும். முன் ஸ்டாண்டர்டை (லென்ஸைத் தாங்கும் சட்டம்) எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, லென்ஸ் மாட்டும் பலகையான லென்ஸ் போர்டின் முன்முகத்திலிருந்து, பின்னால் ஃபோகஸ் பார்க்கும் கிரவுண்ட் கிளாஸின் சொரசொரப்பான பக்கம்வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இந்த எஃப் 8 வகை 90-கள் இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவில்) ஃபோகஸ் ஆக அந்த இடைவெளி ஏறக்குறைய 95 முதல் 100 மி.மீ. வேண்டும். உங்கள் அளவு 85-க்குக் கீழே வந்தால் நிம்மதி. 100-க்கு மேலே நின்றால் உள்ளே குழிந்த லென்ஸ் போர்டு தேவைப்படும். அதில் விரல் விட்டு அப்பர்ச்சர் லிவரைத் திருப்புவதும் கேபிள் ரிலீஸை மடங்காமல் செருகுவதும் சிரமம், ஆனால் வேலை நடக்கும்.

அளவு சரியாக வந்தாலும் லென்ஸையும் பின்புறத்தையும் இணைக்கும் மடிப்புத் துருத்தி, அதாவது பெல்லோஸ், குறுக்கே நிற்கும். பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. 150 மி.மீ.க்கு மடிப்பு தாராளமாக இருக்கும். 90-க்குச் சுருக்கும்போது மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று அடைந்து கட்டையாகிவிடும். லென்ஸின் வட்டத்தில் 36 மி.மீ. இடம் இருந்தும் ஸ்டாண்டர்ட் 12 மி.மீ.க்கு மேல் ஏறாமல் அடம்பிடிக்கும். பெல்லோஸ் கழற்றி மாட்டும் மாடல் என்றால், மடிப்பில்லாத பை பெல்லோஸ் தைத்துக்கொள்ளலாம். பெரியமேட்டில் மெல்லிய கறுப்புத் தோல் வாங்கி, உள்ளே வெளிச்சம் புகாத கறுப்புத் துணி கொடுத்து இரட்டையாகத் தைத்தால் போதும். தைத்த பிறகு இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்து, தையல் ஓட்டைகளில் ஒளிக்கசிவு உண்டா என்று பாருங்கள்.

பெல்லோஸ் கழற்ற முடியாத ஃபீல்டு கேமராவில் வேறொரு வழி இருக்கிறது. கேமராவை மொத்தமாக மேல்நோக்கிச் சாய்த்து, பிறகு முன், பின் ஸ்டாண்டர்ட் இரண்டையும் தனித்தனியாகச் செங்குத்துக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸ் பின்புறத்தைவிட உயர்ந்து நிற்கும், அதுவே ரைஸ் ஆகிவிடும். சிறிய ரசமட்டம் ஒன்றைப் பின்புறத்தில் ஒட்டிச் சரிபார்த்தால் போதும். பின்புறம் சாயாத கிரவுன் கிராஃபிக் போன்ற பிரஸ் கேமராக்களில் இது செல்லாது. அவற்றில் இன்னொரு தொல்லை, லென்ஸுக்குக் கீழே முன்னால் நீளும் முன்பலகை படத்துக்குள் எட்டிப் பார்ப்பது. பலகையைக் கீழே இறக்கி வைத்து எடுக்க வேண்டும்.

இனி லென்ஸைச் சோதிப்பது. சென்னைக் கடற்காற்றில் முதல் எதிரி ஃபங்கஸ். முன், பின் செல் (ஷட்டரின் இரு பக்கமும் உள்ள கண்ணாடித் தொகுதி) இரண்டையும் ஷட்டரிலிருந்து திருகிக் கழற்றி, தனித்தனியாக மொபைல் டார்ச்சை ஒரு பக்கமிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். வேர்போலக் கிளைத்த இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ். கண்ணாடியின் வெளிமுகத்தில் லேசாக இருந்தால் துடைத்து எடுக்கலாம். ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு நடுவே இருந்தால் தொடாதீர்கள். விளிம்பில் வானவில் நிறத்தில் வளையமோ திட்டோ தெரிந்தால் ஒட்டுப்பசை விலகுகிறது என்று பொருள். விளிம்போடு நின்றால் படத்தில் அவ்வளவாகத் தெரியாது, விலையில் மட்டும் பேசிக் குறைக்கலாம். ஷ்னைடர் லென்ஸ்களில் உள்விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே பூசிய கறுப்புப் பெயின்ட் விட்டுப்போனது அது, படத்தைக் கெடுக்காது. அதைச் சாக்காக வைத்து விலையைக் குறைத்து வாங்கலாம். செல் கழற்றும்போது ஷட்டருக்கும் செல்லுக்கும் நடுவே காகித மெல்லிசில் பித்தளை வளையம் இருந்தால் தொலைத்துவிடாதீர்கள். இரு செல்களின் இடைவெளியை அதுதான் காக்கிறது.

ஷட்டரில் 1/500 சரியாக ஓடுகிறதா என்று பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐஎஸ்ஓ 125 ஃபிலிம், எஃப் 22, நல்ல வெயில் என்றால் 1/60. தெருவின் நிழல் பக்கத்துக்கு வந்தால் 1/8-க்கு இறங்கிவிடும். ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் அரை வினாடி. உங்களுக்கு வேண்டியது மெதுவான வேகங்கள், பழைய ஷட்டர்களில் எண்ணெய் காய்ந்து முதலில் கெடுவதும் அவைதான். மொபைலில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் வீடியோ எடுங்கள். 1/8-க்கு இதழ்கள் 30 ஃபிரேம் திறந்திருக்க வேண்டும், கால் வினாடிக்கு 60. ஒவ்வொரு வேகத்தையும் ஐந்தாறு தரம் அடித்துப் பாருங்கள். கால் வினாடி எப்போதும் 75 ஃபிரேம் வந்தால் பரவாயில்லை, எழுதி ஒட்டிக்கொண்டு அதற்கேற்பக் கணக்குப் போடலாம். ஒரு தரம் 60, மறு தரம் 110 என்று வந்தால் சர்வீஸ் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள். பழைய 00 அளவு ஷட்டர்களில் சிலவற்றில் ஃபோகஸ் பார்க்கத் திறந்து வைக்கும் லிவர் இருக்காது. அங்கே 'பி'-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்துப் பூட்டும் திருகுள்ள கேபிள் ரிலீஸ் வேண்டும்.

லென்ஸ் போர்டுக்கு வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. 0 அளவு ஷட்டருக்கு ஓட்டை ஏறக்குறைய 34.8 மி.மீ. விட்டம். வியாசர்பாடி பக்கம் எந்த லேத் பட்டறையிலும் அலுமினியத் தகட்டில் பழைய போர்டை மாதிரி காட்டிச் செய்துகொள்ளலாம். ஷட்டரையே கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள், பின்புறம் மேட் கறுப்பு அடியுங்கள். மாட்டும்போது பின் செல்லைக் கழற்றி, ஷட்டரை முன்னாலிருந்து போர்டில் விட்டு, பின்வளையத்தை இறுக்கி, அப்புறம் பின் செல்லைத் திருக வேண்டும். அந்தப் பின் செல் கேமராவின் முன் திறப்பு வழியே நுழையுமா என்பதையும் முன்பே அளந்துவிடுங்கள். எஃப் 5.6 வகைகளில் பின் செல் குண்டாக இருப்பதால் சிறிய கேமராக்களில் இடிக்கும். எஃப் 8-ஐச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபில்டரும் 67 மி.மீ.யில் முடிந்துவிடும், எஃப் 5.6 சூப்பர் ஆங்குலானுக்கு 82 வேண்டும்.

எஃப் 8-ல் கிரவுண்ட் கிளாஸ் மங்கலாகத்தான் இருக்கும், மூலைகள் இன்னும் இருட்டு. வெளிச்சத்தைக் கண் பக்கம் திருப்பும் ஃப்ரெனல் தகடு ஒன்று வைத்தால் பாதிக் கஷ்டம் தீரும். எஃப் 22-ல் 3.8 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 1.9 மீட்டரிலிருந்து இன்ஃபினிட்டிவரை தெளிவு கிடைக்கும். எஃப் 32-ஐத் தாண்டி மூடாதீர்கள், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனில் கூர்மை குறையும். ரைஸ் கொடுத்த பிறகு, கிரவுண்ட் கிளாஸின் வெட்டிய மூலை வழியாக லென்ஸைப் பாருங்கள். அப்பர்ச்சர் முழு உருவமாகத் தெரிந்தால் அந்த மூலைக்கு வெளிச்சம் உண்டு. பிறைபோல வெட்டுப்பட்டுத் தெரிந்தால் ரைஸைக் குறைக்க வேண்டும், அல்லது இன்னும் ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தைப் பாதியாக்கும் ஒரு படி) மூட வேண்டும். தலைகீழ்ப் படத்தில் வானம் கீழே விழுவதால், ரைஸ் கொடுத்தபோது பார்க்க வேண்டியவை கீழ் இரண்டு மூலைகள்.

வட்டத்துக்குள் இருந்தாலும் மூலைக்கு ஏறக்குறைய 1.2 ஸ்டாப் வெளிச்சம் குறையும், 25 மி.மீ. ரைஸில் 1.7 வரை போகும். இதைச் சரிசெய்யும் சென்டர் ஃபில்டர் பல நேரம் லென்ஸ் விலையையே எட்டிவிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு அது வேண்டாம். வெளிச்சம் குறையும் மூலைகளுக்கும் விவரம் கிடைக்கும்படி அரை ஸ்டாப் கூடுதலாக எக்ஸ்போஸ் செய்து, பிரின்ட்டிலோ ஸ்கேனிலோ சமன் செய்யுங்கள். கலர் ஸ்லைடு எடுப்பவர்களுக்குத்தான் அது அவசியம்.

பட்ஜெட் 90-க்கு எட்டவில்லை என்றால், ஆங்குலானைவிட 135 மி.மீ. எஃப் 5.6 சிம்மார்-எஸ் நல்ல இடைக்கால ஏற்பாடு. வட்டம் 190 மி.மீ., அதனால் 22 மி.மீ. ரைஸ் கிடைக்கும். சாதாரண பெல்லோஸே போதும். அகலம் 150-ஐவிடக் கொஞ்சம்தான் கூடும், 8 மீட்டரில் 7.1 மீட்டர் உயரம். ராயபுரம் ரயில் நிலையம்போல் முன்னால் வெட்டவெளி உள்ள கட்டடத்துக்கு அது சரி. 1856-ல் திறந்த அந்தத் தூண் வரிசை 135-ல் அழகாக உட்காரும். ரயில்வே இடத்தில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வாங்கிவிடுங்கள். தம்புச் செட்டித் தெருவுக்கு 135 போதாது.

ஜப்பானிலிருந்து ஆன்லைனில் தருவிப்பதானால், சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் கட்டணம் எல்லாம் சேர்த்த பிறகு வரும் தொகையை உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள். விளம்பரத்தில் 'லேசான ஃபங்கஸ்' என்றிருந்தால் எந்த செல், வெளிமுகமா உள்ளா என்று கேட்டு, டார்ச் அடித்த படம் அனுப்பச் சொல்லுங்கள். இரு செல்களும் ஒரே லென்ஸைச் சேர்ந்தவைதானா என்றும் கேளுங்கள்.

வாங்கி வந்த லென்ஸை அதன் தோல் பையிலேயே மூடி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ரப்பர் விளிம்புள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கும்படி வையுங்கள். ஷட்டரை விசை ஏற்றாத நிலையில் வையுங்கள். மாதம் ஒரு தரம் எல்லா வேகத்திலும் சில தடவை ஓட விடுங்கள்.