கார்ல் இன்னும் உயிரோடு இருக்கிறான்

கேள்வி: ‘தி வாக்கிங் டெட்’ தொடரின் 11 சீசன்களையும் பார்த்து முடித்துவிட்டேன். காமிக்ஸும் வாங்கலாமா என்றால், “கதைதான் தெரியுமே, எதற்குத் தண்டச்செலவு? வேண்டுமானால் டிவி விட்ட இடத்திலிருந்து படி” என்கிறார் நண்பர். உங்கள் கருத்து?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் நண்பர் அந்தக் காமிக்ஸைப் பிரித்துப் பார்த்திருக்கவே மாட்டார். 2003 அக்டோபரில் ஆரம்பித்த காமிக்ஸ் 193 இதழ்களோடு 2019 ஜூலையில் முடிந்துவிட்டது, டிவி தொடர் முடிந்ததோ 2022 நவம்பரில். இதில் டிவி விட்ட இடம் எங்கிருந்து வரும்? முதல் இதழிலிருந்து படியுங்கள், ஒன்றைக்கூடத் தாண்டாமல்.

கதை தெரியும் என்கிறீர்கள். சரி, ஷேன் எப்படிச் செத்தான்? இரண்டாவது சீசன் முடிவில், ராத்திரி வெட்டவெளியில் நாயகன் ரிக் கத்தியால் குத்த, ஜாம்பியாக, அதாவது நடமாடும் பிணமாக, எழுந்து வந்தவனை ரிக்கின் மகன் கார்ல் சுட்டான். காமிக்ஸில் இது 6-வது இதழிலேயே நடந்துவிடுகிறது. காட்டுக்குள் ரிக்குக்கு நேராக ஷேன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்கிறான், அவன் கழுத்தில் குண்டு பாய்கிறது, சுட்டது ஏழு வயது கார்ல். சுட்டது பிணத்தை இல்லை, அப்பாவின் உயிர் நண்பனை. அப்பாவைக் கட்டிக்கொண்டு, செத்ததைச் சுடுவது மாதிரி இது இல்லையே என்கிறான் பையன். ஒருநாளும் அப்படி இருக்கவும் கூடாது என்கிறான் ரிக். மிச்சமிருக்கும் 187 இதழ்களும் இந்தப் பக்கத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

என்னைக் கேட்டால் இது ரிக்கின் கதையைவிடக் கார்லின் கதை. டிவியில் 8-வது சீசனிலேயே அவனைக் கொன்றுவிட்டார்கள், எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. காமிக்ஸில் அவன் கடைசி இதழ் வரை இருக்கிறான், ஒரு கண்ணை இழந்து, வளர்ந்து, பெரிய ஆளாகி. அந்தக் கடைசி இதழே அவனுடையதுதான். டிவியில் பண்ணைக் கொட்டகையிலிருந்து ஜாம்பியாக வெளியே வந்த சிறுமி சோபியாவும் இங்கே சாகவில்லை. மூன்றாவது சீசனோடு போய்விட்ட ஆண்ட்ரியா இங்கே 167-வது இதழ் வரை வாழ்கிறாள். டேரில் ரசிகர் என்றால் மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், அவன் டிவிக்காகவே உருவாக்கப்பட்டவன், காமிக்ஸில் கிடையாது.

எழுதியது முழுக்க ராபர்ட் கிர்க்மன். முதல் 6 இதழ்கள் டோனி மூர் வரைந்தவை, 7-லிருந்து கடைசிவரை சார்லி அட்லார்ட். ஆள் மாறியதும் முகங்கள் கொஞ்சம் அந்நியமாகத் தெரியும், பத்துப் பதினைந்து பக்கத்தில் பழகிவிடும். 2020-லிருந்து வண்ணப் பதிப்பும் வருகிறது, ஆனால் முதல் தடவை கறுப்பு-வெள்ளையிலேயே படியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ரத்தமும் நிழலும் ஒரே கறுப்பு மையாக இருப்பதால், மூலையில் கிடப்பது எது என்று கண் ஒரு நொடி தேடும். 28-வது இதழில் ‘கவர்னர்’ என்ற வில்லன் ரிக்கின் வலது கையை வெட்டுகிற இடத்தில் (டிவியில் கவர்னர் இதைச் செய்யவே இல்லை) நான் அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டிவி உங்களுக்காகக் காத்திருக்காது, இங்கே திருப்ப வேண்டியது நீங்கள்தான்.

செலவுதான் கவலை என்றால் நான்கு கனத்த தொகுப்புகளாகவும் கிடைக்கிறது. முதல் தொகுப்பை மட்டும் வாங்குங்கள், 48 இதழ்கள் இருக்கும். டிவியில் கார்லின் அம்மா லோரி பிரசவத்தில் செத்தாள், குழந்தை பிழைத்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்த 48-வது இதழைப் படித்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.