பருப்புக் குடோனுக்கு எந்த இயந்திரம்?

கேள்வி: மதுரை அருகே கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பருப்புக் குடோன் வைத்திருக்கிறேன். தினமும் மூன்று லாரிச் சரக்கு வந்து இறங்குகிறது. சுமைப்பணிக்கு ஆள் கிடைப்பதில்லை. இருப்பவர்களும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். குடோன் முழுவதையும் தானியங்கி ஆக்கித் தருவதாகவும், பாதிப் பணம் மானியமாக வந்துவிடும் என்றும் ஒருவர் சொல்கிறார். இறங்கலாமா?

பதில்: இயந்திரம் வாங்குங்கள். அவர் மூலமாக வாங்காதீர்கள்.

16 டன் லாரி என்றால் ஐம்பது கிலோ மூட்டை 320. மூன்று லாரிக்கு 960. இறக்க ஒரு முறை, திரும்ப ஏற்ற ஒரு முறை. ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே பரிந்துரைத்தது. உங்கள் ஆட்கள் ஏறக்குறைய அந்த எடையோடு அட்டி (அடுக்கி வைத்த மூட்டைக் குவியல்) மேல் பலகையில் ஏறுகிறார்கள். முதலில் மாற வேண்டியது அந்த ஏற்றம்தான்.

அதற்குச் சக்கரம் வைத்த சாய்வுக் கன்வேயர் ஒன்று போதும்; ஓடும் பெல்ட்டே மூட்டையை மேலே கொண்டுபோகும். ஒரு முனை லாரியின் பின்புறம், மறுமுனை அட்டியின் உச்சி. கீழே இருப்பவர் மூட்டையை வைப்பார்; மேலே இருப்பவர் இழுத்து அடுக்குவார். கொக்கி போட்டு இழுக்கும் வேலை குறைவதால் சாக்கு கிழிவதும் பருப்பு சிந்துவதும் குறையும். லாரி காத்துக் கிடக்காது. வயதானவர்களையும் வேலையில் வைத்துக்கொள்ளலாம். தரையில் நகர்த்த, மூட்டை அடுக்கிய பலகையை அப்படியே தூக்கிச் செல்லும் கைத்தள்ளு பாலெட் வண்டி. இருபது மூட்டையை ஒருவரே தள்ளிப் போவார். ஆனால் தரை பெயர்ந்திருந்தால் அதன் சின்னச் சக்கரம் சிக்கிக்கொள்ளும். சிமெண்ட் பூசிவிட்டு வாங்குங்கள்.

முழுத் தானியங்கி என்றால் தானே ஓடும் வண்டியும், கணினி சொன்னபடி எடுத்து வைக்கும் ராக்கும் (அடுக்குச் சட்டம்). அவை ஒரே அளவுப் பெட்டிகளுக்குச் சிறப்பாக உழைக்கும். சாக்கு மூட்டை அப்படி நிற்காது, சரியும், பிதுங்கும்.

பருப்பில் இன்னொரு சங்கடம் உண்டு. விற்க வருபவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். வண்டுக்காக அட்டியைத் தார்ப்பாயால் மூடி அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறீர்கள் அல்லவா? அதிலிருந்து வரும் பாஸ்பின் வாயு செம்பை அரிக்கும். மோட்டார் சுருள், ஸ்விட்ச் முனை, சென்சார், மின்னணு அட்டை எல்லாவற்றிலும் செம்பு இருக்கிறது. ஈரக்காற்று சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும். சக்கரக் கன்வேயரை மருந்து வைக்கும் முன் வெளியே தள்ளி வைத்துவிடலாம். தரையில் பதித்த தானியங்கியை எங்கே தள்ளுவீர்கள்? தார்ப்பாயை நாலாபுறமும் தரையோடு அழுத்தி மூடவும் ராக் கால்கள் இடம் தராது. அட்டை டப்பாவில் சோப்பும் பிஸ்கெட்டும் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர் வாங்கலாம். உங்களுக்கு வேண்டாம்.

இப்போது மானியம். இந்த இடைத்தரகர்கள் செய்வது ஒன்றுதான்: பில் தொகையை ஏற்றிக் காட்டி, ஏற்றிய தொகைக்கு உங்களைக் கடன் வாங்க வைப்பார்கள். ஃபைலை நகர்த்த என்று முன்பணம் கேட்பார்கள். மானியம் வராவிட்டாலும் தவணை நிற்காது. 2020-இல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 7 ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று வங்கி மேலாளரிடம் நீங்களே கேளுங்கள். 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையாக விற்கும் பருப்புக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆகவே இயந்திரத்துக்குக் கட்டும் 18 சதவீத வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

ஒரு எளிய விண்ணப்பத்துக்கு மேசை மேசையாக அலைய வைப்பதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். நான் ஆலோசனை சொன்ன ஒரு குடோனில், மின்பளுவைக் (இணைப்பில் எடுக்கக்கூடிய மின்சார அளவை) கூட்டும் அனுமதிக்காகப் புதுக் கன்வேயர் மூன்று மாதம் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. கடன் வட்டி மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. மின்பளு அனுமதி கைக்கு வந்த பிறகே ஆர்டர் கொடுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் இயந்திரத்தை உங்கள் குடோனுக்கே வரவழைத்து, உங்கள் மூட்டையில் ஒரு லாரி முழுக்க இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். பெல்ட் அறுந்தால் மதுரையிலேயே மாற்றித் தருவது யார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.