உள்ளூர் வானொலி பாட்டை நிறுத்திவிட்டு முழுநேர அரசியல் பேச்சுக்கு மாறினால் கேட்பீர்களா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் உள்ள ஊர். எங்களுக்கென்று தனி வானொலி கிடையாது. காரில் தமிழ் தேடினால் பெரும்பாலும் கிடைப்பவை அரசாங்கத்தின் மின்னலும் ஆஸ்ட்ரோவின் ராகாவும்தான். இதில் ஒன்று முழுநேர அரசியலுக்குப் போனால் எங்களுக்குப் பாதி வானொலி போச்சு. நான் கேட்க மாட்டேன். அரசியல் பிடிக்காததால் அல்ல. எங்கள் ஊரில் அரசியல் பேசாத ஒட்டுக்கடையை, அதாவது சாலையோரச் சாப்பாட்டுக் கடையைக் காட்டுங்கள் பார்ப்போம்.

இந்த மாதிரி மாற்றம் பெரிய அளவில் நடந்தது அமெரிக்காவில். சர்ச்சையான விஷயம் என்றால் மறுதரப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒலிபரப்புக்கு ஒரு விதி இருந்தது. 1987-இல் அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே ரஷ் லிம்பா என்ற வலதுசாரி வானொலிப் பேச்சாளரின் பேச்சு நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கியது. விதி போனது மட்டும் காரணமில்லை. பாட்டெல்லாம் பண்பலைக்குப் போய்விட்டதால் பழைய மத்திய அலை நிலையங்கள் கேட்க ஆள் இல்லாமல் தவித்தன. எங்கோ ஒருவர் பேசுவதை வாங்கிப் போட்டால் செலவு குறைவு, உள்ளூர் அறிவிப்பாளருக்குச் சம்பளமும் மிச்சம். 'உள்ளூர்' நிலையம் என்பது பெயரளவில்தான். எனக்கு இடிப்பது இந்த இடம்தான்.

மலேசியாவில் அப்படியே நடக்காது என்று நினைக்கிறேன். 1998-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி உரிமம் வாங்க வேண்டும், தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது, இனம் மதம் அரச குடும்பம் என்று வந்தாலே அறிவிப்பாளர் அவசரமாக விளம்பரத்துக்குப் போய்விடுவார். பேச்சு வானொலிக்கு இங்கே வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2008-இலிருந்து பிஎஃப்எம் 89.9 வணிகமும் அரசியலும் பேசி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது ஆங்கிலம், கிள்ளான் பள்ளத்தாக்குக்கானது. தோட்டத்தில் வேலை முடிந்து வருகிற ஆளுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. எங்கள் பக்கத்து லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, அரசியல் வானொலி புதிதே அல்ல. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டுக்கு அருகில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அதைத் தொட்டுத்தான் அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் தோட்டங்களிலும், மக்களை அரசாங்கம் குடிபெயர்த்து வைத்த புதுக் கிராமங்களிலும் ஊரே உட்கார்ந்து கேட்பதற்கென்று அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. மக்களுக்குப் பாட்டுப் போடவா வைத்தார்கள்? கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரச்சாரத்துக்கு. 1950-இல் அந்தப் பிரச்சாரத்தை நடத்த லண்டனிலிருந்து வந்த ஹியூ கார்ல்டன் கிரீன் பிற்பாடு பிபிசிக்கே தலைவரானார். எங்கள் பாட்டி அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசினால் பாட்டும் நாடகமும்தான் வரும். நடுவில் வந்த பேச்சு எதுவும் அவருக்கு நினைவில்லை, அல்லது நினைவில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. கிழவி கெட்டிக்காரி, எது என்று சொல்ல மாட்டார்.

அப்புறம் 2008 தேர்தல். 1974-இலிருந்து இங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த மஇகா கட்சித் தலைவர் சாமிவேலு, டாக்டர் ஜெயகுமார் தேவராஜிடம் தோற்றார். முந்தைய நவம்பரில் இந்தியர் உரிமை கேட்டு ஹிண்ட்ராப் இயக்கம் கோலாலம்பூரில் நடத்திய பேரணிக்குப் பிறகு ஊரில் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். டாக்டரோ பல வருடமாகத் தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தவர். அந்த மாற்றத்தை வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டதாக எனக்குத் தெரிந்து ஒருவரும் சொன்னதில்லை.

அதனால் கட்சிக்காரர்கள் மாறி மாறித் திட்டிக்கொள்வதற்கு ஒரு நிலையம் வேண்டாம், அதை டிக்டாக் நேரலை நன்றாகவே செய்கிறது. எங்களுக்குத் தேவையான பேச்சு வேறு. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். சரி, மழை பெய்து பால் வெட்டாத நாட்களுக்கு என்ன கணக்கு? தோட்டத்தை விற்றால் லயத்து வீட்டை எத்தனை நாளில் காலி செய்யச் சொல்லலாம், மாற்று வீடு கேட்க வழி உண்டா? பிள்ளை குறைந்துகொண்டே போகும் தோட்டத் தமிழ்ப்பள்ளியை இடம் மாற்ற யாரிடம் மனு கொடுப்பது? இதுவும் அரசியல்தான். இதற்குப் பதில் சொல்லத் தொழிலாளர் இலாகா அதிகாரியையும் தொழிற்சங்கத்தாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, தோட்டத்திலிருந்து அழைப்பவரைக் குறுக்கே வெட்டாமல் பேசவிட்டால் நான் மட்டுமல்ல, எங்கள் தாமானே, அதாவது குடியிருப்பே கேட்கும்.

அதற்கு வாரத்தில் இரண்டு சாயங்காலம், ஒவ்வொரு மணி நேரம் போதும். மற்ற நேரம் வழக்கம்போலப் பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, போட்டி எல்லாம் இருக்கட்டும். நிபந்தனை ஒன்றுதான்: நடத்துபவர் எங்கள் மாநிலத் தலைநகரான ஈப்போவிலாவது உட்கார்ந்திருக்க வேண்டும். கோலாலம்பூர் நிலையத்திலிருந்து ஒருவர், எங்கள் பக்கத்து ஊரைப் பற்றி "லிந்தாங் எங்கே இருக்குங்க?" என்று அழைத்தவரிடமே கேட்டால் அந்த நிமிடமே நான் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவேன்.